தைக் என்று கூப்பிடுங்கள்

2006ஆம் ஆண்டு அக்டோபரில் நர்ஸ் வேலைக்காக அயர்லாந்துக்கு வந்தேன். தென்கோடியில் உள்ள கார்க் நகரத்தில் ஒரு மருத்துவமனை. முதல் வாரமே புறநோயாளிகள் பிரிவில் போட்டுவிட்டார்கள். வெளியே விடாத தூறல், உள்ளே ஈரக் கோட்டுகளோடு முப்பது பேர். கையில் இருக்கும் கோப்பைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டு, ஆளை உள்ளே அழைத்துப்போக வேண்டும். இதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜான், மேரி, பேட்ரிக் என்று நாலைந்து பேர் போனார்கள். அப்புறம் அந்தக் கோப்பு வந்தது. டி, ஏ, டி, ஹெச், ஜி.

“டாட்க்” என்றேன். யாரும் அசையவில்லை. “டாட்ஜ்” என்றேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது முறை நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். எண்பது வயது. “என்னைத்தான் கூப்பிடுகிறாய் போல, பெண்ணே” என்றார். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் நானே கேட்டேன்: “உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?”

அவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். “தைக்” என்றார். நம் தை மாதத்துத் ‘தை’. அதன் பின்னால் ‘தங்கம்’ என்னும்போது வருகிற மெல்லிய ககரம், அவ்வளவுதான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘டைக்’ என்கிறார்கள். ஆனால் ஐரிஷ் மொழியில் இந்த இடத்தில் வரும் ஒலி, நாக்கு நுனியை மேல்பல்லில் வைத்துச் சொல்வது. அது நம்முடைய தகரம்தான். நான் ஒரு முறை திருப்பிச் சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்தது. டப்ளின்காரர்களுக்கே இது வராது, உனக்கு எப்படி வந்தது என்று கேட்டார். என் மொழியில் இந்த எழுத்தில்தான் மொழியின் பெயரே தொடங்குகிறது என்றேன்.

அவர் கார்க் மாவட்டத்தின் மேற்கே, மஸ்கிரி மலைப்பக்கத்து பாலிவூர்னி ஊர்க்காரர். அங்கே இன்றும் ஐரிஷ் பேச்சுமொழி. வீட்டுப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், தைக் என்பது போதும். அன்று அவர் சந்திப்புச் சீட்டின் பின்புறம் தன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய எழுத்தில் எழுதிக் காட்டினார். அதில் ஹெச் கிடையாது. டி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. இந்த எழுத்தை முழுதாகச் சொல்லாதே, மெலியவிடு என்பதற்கு அது அடையாளம். தட்டச்சும் புது எழுத்துமுறையும் வந்தபோது புள்ளியை எடுத்துவிட்டு ஹெச் போட்டார்கள். அந்த ஹெச்தான் வெளியூர்க்காரர்களைக் குழப்புகிறது. எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஒலி மாறும் என்பது நமக்குப் புதிதா என்ன? அன்றைக்கு அந்தச் சீட்டைப் பார்த்த கணத்தில் ஐரிஷ் எழுத்துக்கூட்டல் எனக்குப் பாதி புரிந்துபோயிற்று.

இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐரிஷ் பெயரில் மெய்யெழுத்துக்குப் பின் ஹெச் வந்தால் அதைத் தனி ஒலியாகப் படிக்காதீர்கள், பழைய புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். எம்முக்குப் பின்னும் பிக்குப் பின்னும் வந்தால் பெரும்பாலும் வகர ஒலி. நீவ், மேவ், ஷிவான் என்ற பெண் பெயர்களில் கேட்கும் வகரம் அப்படி வந்ததுதான். தைக் என்ற பெயரில் டி-ஹெச் கரைந்துபோய், முன்னால் நிற்கும் அகரத்தை ஐகாரமாக்கிவிடுகிறது. இன்னொன்று: ஐரிஷ் மொழியில் ஒருவரை விளிக்கும்போது பெயரின் முதல் ஒலியே மாறும். பெரியவரின் மகள் அவரைக் கூப்பிட்டால் “அ ஹைக்” என்று என் காதில் விழும். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பல நாள் நினைத்திருந்தேன்.

சரி, உச்சரிப்பு ஒரு பக்கம். இந்தப் பெயர் எனக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் வேறு.

இரண்டு வாரம் கழித்து அதே பெரியவர் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். டாக்டர் பென்சிலின் வகை மாத்திரை எழுதினார். கோப்பில் ஒவ்வாமை எதுவும் குறிக்கவில்லை. நான் வழக்கம்போல் கேட்டேன். “எல்லாம் அதில் எழுதியிருக்கும்” என்று கோப்பைக் காட்டினார். கூட வந்திருந்த மகள்தான், “ஹெர்னியா ஆபரேஷன் அப்போது உடம்பெல்லாம் தடித்துப் போச்சே அப்பா” என்றார். எந்த ஆபரேஷன்? என் கையில் இருந்த கோப்பில் அப்படி ஒன்றே இல்லை. பிறந்த தேதியை வைத்துத் தேடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் இன்னொரு கோப்பு வந்தது. அதே பிறந்த தேதி, அதே ஊர், அதே குடும்பப் பெயர். முதல் பெயர் மட்டும் ‘டிமதி’. முன்பக்கத்திலேயே சிவப்பு மையில் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், இரண்டு கோப்பையும் ஒன்றாக்கினார்கள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? எந்தக் காகிதத்திலாவது உங்களுக்கு வேறு பெயர் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு, குறிப்பாக எழுபது வயது தாண்டியவர்களிடம், ஆச்சரியமான பதில்கள் வரும். கூடவே பிறந்த தேதியையும் முகவரியையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன். “உங்கள் பிறந்த தேதி இதுதானே” என்று நாம் சொல்லிவிட்டால், காது கேளாத பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள்.

தைக் எப்படி டிமதி ஆனார்? அவரே ஒரு நாள் கட்டுப் போடும்போது சொன்னார். வீட்டில் தைக். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீனில் ததேயுஸ். அரசாங்கப் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் டிமதி. ஒரே குழந்தைக்கு மூன்று பெயர். அவர் பிறந்தபோது நாடு விடுதலையாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, ஆனாலும் பதிவு செய்யும் பழக்கம் மாறவில்லை. டிமதி கிரேக்கப் பெயர், ததேயுஸ் விவிலியப் பெயர். இரண்டுக்கும் தைக் என்பதற்கும் பொருளில் எந்த உறவும் இல்லை. முதல் எழுத்து ஒத்துப்போனது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் டியர்மிட் ஜெரமையா ஆனார், கானர் கார்னீலியஸ் ஆனார். ஃபினின் என்ற ஆண் பெயரை ஃபிளாரன்ஸ் என்று எழுதினார்கள். பழைய பதிவேட்டில் கார்க் மாவட்டத்து ஃபிளாரன்ஸ் ஒருவரைப் பார்த்தால், அவர் மீசை வைத்த விவசாயியாக இருக்கலாம்.

தைக் என்றால் கவிஞன். நம் சொல்லில் புலவன். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பெயர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் கார்க் கிராண்ட் பரேடில் இருக்கும் நகர நூலகத்துக்குப் போய், இந்தப் பெயரை யார் யார் வைத்திருந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

புராணத்திலேயே இருக்கிறார்கள். அயர்லாந்தின் பெரிய வீரகதைத் தலைவன் ஃபின் மக் கூலின் தாய்வழித் தாத்தா ஒரு தைக். கில்டேரில் உள்ள ஆலன் குன்றில் வாழ்ந்த மந்திரவாதி அவர். கார்மக் மக் ஆர்ட் என்ற அரசனுக்காகப் போரிட்ட இன்னொரு தைக், கியனின் மகன். ஒரு நாளில் அவன் தேர் சுற்றி வரும் நிலமெல்லாம் அவனுக்கே என்று வாக்கு. காயத்தோடு தேரில் ஏறியவன் வழியில் மயங்கி மயங்கி விழுந்தான். அரசன் தேரோட்டியை முன்பே கைக்குள் போட்டுக்கொண்டிருந்ததால், தலைநகரான தாரா மட்டும் வட்டத்துக்கு வெளியே விடுபட்டுவிட்டது என்பது கதை. வரலாற்றுக்கு வந்தால், 1014 புனித வெள்ளியன்று நடந்த கிளான்டார்ஃப் போரில் விழுந்த ஊ மானி நாட்டு அரசன் தைக் ஓ கெல்லி. 1118இல் தெற்கே டெஸ்மண்ட் அரசு பிரிந்து உருவானபோது அதன் முதல் அரசன் தைக் மக்கார்த்தி. கார்க் பக்கம் இந்தப் பெயர் ஊன்றியதற்கு மக்கார்த்தி குடும்பம் ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை அதில் ஒரு தைக் வருகிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியவர் 16ஆம் நூற்றாண்டில் ஸ்லைகோவில் வாழ்ந்த தைக் தால் ஓ ஹிகின். ‘தால்’ என்றால் பார்வையற்றவர். புலவர் பரம்பரை. அந்தக் காலத்து ஐரிஷ் புலவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்றார்கள். மாணவர்கள் இருட்டறையில் படுத்தபடியே மனத்துக்குள் செய்யுள் கட்டுவார்கள், விளக்கு வந்த பிறகுதான் எழுதுவார்கள். தலைவனைப் புகழ்ந்தால் நிலமும் குதிரையும் பரிசு. வசை பாடினால் பாடப்பட்டவன் முகத்தில் கொப்புளம் எழும் என்ற நம்பிக்கை. நம் ஊரில் அறம் பாடினால் ஆள் அழிவான் என்று பயந்தார்களே, அதே பயம்தான். ஓ ஹாரா குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் தைக் தாலின் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களின் கந்தலையும் வறுமையையும் வைத்து அவர் ஒரு வசைப்பாட்டுக் கட்டினார். அவர்கள் திரும்பி வந்து அவர் நாக்கை அறுத்துக் கொன்றார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர் இறந்தது 1591இல். இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. பழைய வம்சாவளிகள் ஓ ஹாரா குடும்பத்தின் முன்னோனாகச் சொல்வது, தேரில் மயங்கி விழுந்தானே, அந்தத் தைக்கைத்தான். புலவன் என்று பெயர் கொண்டவனின் வாரிசுகள், அதே பெயர் கொண்ட ஒரு புலவனின் நாக்கை அறுத்திருக்கிறார்கள்.

ததேயுஸ் என்ற லத்தீன் வடிவத்துக்கும் ஒரு முகம் கிடைத்தது. தைக் மக்கார்த்தி என்ற ஆயர், அதாவது பிஷப், 1490இல் கார்க், கிளாய்ன் மறைமாவட்டங்களுக்கு நியமிக்கப்பட்டவர். உள்ளூர்ப் பெருங்குடும்பங்கள் அவரைத் தம் பேராலயத்துக்குள்ளேயே விடவில்லை. ரோமுக்குப் போய் நியாயம் கேட்டு, போப்பின் கடிதங்களோடு திரும்பும் வழியில், 1492இல் வட இத்தாலியின் இவ்ரேயா ஊரில் யாத்ரீகர் விடுதி ஒன்றில் இறந்துபோனார். யார் என்றே தெரியாத ஏழை யாத்ரீகராகத்தான் அங்கே படுத்திருந்தார். பையைப் பார்த்த பிறகுதான் ஆயர் என்று தெரிந்தது. 1896இல் ரோம் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. எங்கள் பெரியவரின் பாட்டி இந்த ஆயரை வேண்டிக்கொண்டுதான் பேரனுக்குப் பெயர் வைக்கச் சொன்னாராம்.

வேறு பலரும் உண்டு. 1607இல் வடபகுதித் தலைவர்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறிய பயணத்தைக் கூடவே போய் எழுதிவைத்த தைக் ஓ கீனான். கார்க் தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான தைக் பாரி. அவர் 1921 நவம்பரில் ஆங்கிலேயர்களின் பாலிகின்லர் தடுப்பு முகாமில், விடுதலையாகிப் போகும் தோழர்களுக்குக் கையசைத்துக்கொண்டு நின்றபோது காவலாளியால் சுடப்பட்டார். இன்றைக்கு ரக்பி பார்க்கிறவர்களுக்கு தைக் ஃபர்லாங், தைக் பேர்ன் இருவரையும் தெரியும்.

ஒரு காலத்தில் இந்தப் பெயரை வெளியில் சொல்லவே தயங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எந்த ஐரிஷ்காரரையும் கேலியாக ‘டீக்’ என்றார்கள். இந்தப் பெயரின் திரிபுதான் அது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்லாக அதன் குட்டை வடிவம் இன்னும் இருக்கிறது. வடக்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. பெரியவரின் தம்பி இங்கிலாந்தில் கட்டட வேலை பார்த்தபோது தன் அண்ணனைப் பற்றிப் பேசினால் ‘டிம்’ என்றே சொல்வாராம். ஐரிஷ் பேச்சிலும் இந்தப் பெயருக்கு இடமுண்டு: ‘சந்தைத் தைக்’ என்றால் சாதாரண மனிதர், ‘இரண்டு பக்கத் தைக்’ என்றால் இரட்டை நாக்குக்காரர். ஊரில் அத்தனை தைக் இருந்திருக்கிறார்கள்.

2010இல் பெரியவருக்குத் தன் தாத்தாவைக் காகிதத்தில் பார்க்க ஆசை வந்தது. அதற்குள் நான் அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரும் ஆளாகியிருந்தேன். ஊரில் அவரை யாரும் குடும்பப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஷானின் மகன், தைக்கின் பேரன் தைக் என்பதுதான் அடையாளம். நான் என் இனிஷியலைப் பற்றிச் சொன்னேன். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரை வைப்பது அங்கே வழக்கம். தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்தது என்றபோது, அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

தேடுகிறவர்களுக்காக நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘தைக்’ என்று தேடினோம், எங்கள் ஆள் இல்லை. டிமதி, டிம், தேடி, டீக், ததேயுஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து வீடு வீடாகப் புரட்டியபோது டிமதி என்ற பெயரில் அகப்பட்டார். பக்கத்திலேயே மகன் ‘ஜான்’, அதாவது ஷான். பெயரை விட்டு இடத்தைப் பிடிப்பதுதான் நல்ல வழி. வயதையும் நம்பாதீர்கள். 1901இல் தாத்தாவுக்கு 56 வயது, பத்தே ஆண்டில் 71 ஆகியிருந்தார்! முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908இல் வந்தது, எழுபது நிறைந்தவர்களுக்குப் பணம். நாட்டில் எத்தனையோ பேருக்கு அந்தப் பத்தாண்டில் வயது தாவியிருக்கிறது. மொழிக் கட்டத்தில் ‘ஐரிஷ், ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தது. ஐரிஷ் பேசுகிறவர் என்று ஒப்புக்கொண்ட அதே தாளில் பெயரை மட்டும் ஆங்கிலமாக்கியிருந்தார்கள்.

அதற்கு முந்தையது கடினம். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் மிகப் பெரும்பகுதி 1922 ஜூனில், பொது ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் எரிந்தபோது சாம்பலானது. அடுத்தவற்றை அரசாங்கமே அழித்திருந்தது. எல்லாருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான். 2015இல் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் வெளியிட்டது. நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். மங்கிய மை, சாய்ந்த கையெழுத்து. அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நான்தான் வரி வரியாகப் படித்தேன். ‘ததேயுஸ்’ என்று ஒரு வரி வந்தது. தந்தை பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர், எல்லாம் பொருந்தின. அவர் திரையில் விரலை வைத்து, லத்தீனைப் படிக்காமல், “தைக்” என்றார்.

அடுத்த ஆண்டு பெரியவர் போய்விட்டார். இப்போது அண்மை ஆண்டுகளாக அயர்லாந்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் தைக் முதல் பத்துக்குள் நிற்கிறது. என் பிரிவுக்கே வரும் குழந்தைகளில் தைக் இருக்கிறார்கள். புது நர்ஸ் யாராவது தடுமாறினால் நான் அதேபோல் ஒரு சந்திப்புச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டுகிறேன்.

பாலிவூர்னியில் புனித கோப்நட்டின் பெயரால் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு, கல் நட்ட பிறகு ஒரு முறை போனேன். கல் வெட்டுகிறவர் சான்றிதழில் இருப்பது போல் எழுதவா என்று கேட்டாராம். மகள் வேண்டாம் என்று சொல்லி, அப்பா எழுதிய பழைய சீட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நான்கே எழுத்து. ஈரப் பாசியை விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது எழுத்தின் தலையில் புள்ளி ஆழமாக விழுந்திருந்தது.